மறுமுறை பார்த்தபோது நின்றவையும் நழுவியவையும்

பல ஆண்டுகளாக அனிமே என்னும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களைப் பார்த்துவந்ததில், ஒரு தொடரை முடித்த கையோடு எழும் பரவசத்தை நான் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. முடிச்சுகள் எல்லாம் அவிழ்ந்த பிறகு, அடுத்து என்ன ஆகுமோ என்ற பதைப்பு இல்லாமல் அதே தொடரை மீண்டும் பார்க்கும்போதுதான், இயக்குநர் தமக்குக் கிடைத்த நேரத்தை எதில் செலவிட்டிருக்கிறார் என்பது புலப்படுகிறது. கீழே வருபவை அவ்வாறு திரும்பப் பார்த்த தொடர்களைப் பற்றிய கருத்துகள். கதைத் திருப்பங்கள் சில வெளிப்படும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட் கதையை போன்ஸ் ஸ்டூடியோ இருமுறை எடுத்திருக்கிறது. 2003-இல் தொடங்கிய 51 பகுதிகள் கொண்ட தொடர், ஹிரோமு அரகாவாவின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) அப்போது முடிந்திராத காரணத்தால், பிற்பாதியில் தனிக் கதையாகப் பிரிந்து சென்றது. 2009-இல் வந்த பிரதர்ஹுட் மங்காவை அடியொற்றி 64 பகுதிகளில் முடிந்தது. பிரதர்ஹுட்டே மேலானது என்பது ரசிகர்களிடையே ஏறத்தாழத் தீர்ந்துபோன வழக்கு. கதைக்கட்டையும் முடிவையும் பொறுத்தவரை நானும் அந்தக் கட்சிதான். ஆனால் நீனா என்ற சிறுமியின் கதையை இரண்டிலும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு அந்தத் தீர்ப்பு சற்று ஆட்டம் காணும். பிரதர்ஹுட்டின் நான்காம் பகுதியிலேயே அவள் அறிமுகமாகி, அதே பகுதியிலேயே, தந்தையே அவளை நாயோடு இணைத்து விலங்காக்கும் கொடூரமும் நடந்து முடிகிறது. 2003 தொடரிலோ, கதாநாயகன் எட்வர்ட் ரசவாதித் தேர்வுக்குப் படிப்பதற்காக அவளுடைய வீட்டிலேயே தங்குகிறான். அவளோடும் அவளுடைய நாயோடும் பழகும் நாட்களை நாமும் உடனிருந்து கழித்த பிறகே ஏழாம் பகுதி வருகிறது. இராணுவ அதிகாரி ஹியூஸின் மரணமும் அப்படித்தான். பிரதர்ஹுட்டில் அது பத்தாம் பகுதியிலேயே வந்துவிடுகிறது. பழைய தொடரில் 25-ஆம் பகுதி வரை அந்த மனிதர் மகளின் புகைப்படத்தைக் காட்டிக்காட்டி நம்மைச் சலிக்கவைத்திருப்பார். அந்தச் சலிப்புதான் பிறகு துக்கமாக மாறுகிறது.

டெத் நோட் (2006) முதல்முறை என் தூக்கத்தைக் கெடுத்த தொடர். மறுமுறை அது அவ்வளவாகத் தாங்கவில்லை. பெயர் எழுதினால் ஆளைக் கொல்லும் குறிப்பேடு ஒன்று லைட் என்ற மாணவனிடம் சிக்குகிறது. கண்காணிப்புக் கேமராக்களுக்கு முன்னால் அவன், சிப்ஸ் பாக்கெட்டுக்குள் குட்டித் தொலைக்காட்சியை ஒளித்துவைத்து, ஒரு கையால் பாடம் எழுதிக்கொண்டே மறுகையால் பெயர்களை எழுதும் காட்சியில், பின்னணி இசையின் ஆவேசத்தைக் கேட்டு இப்போது சிரிப்புதான் வருகிறது. 25-ஆம் பகுதியில், லைட்டுக்கும் எல் என்ற துப்பறிவாளருக்கும் இடையிலான, தொடரின் உயிர்நாடியான மோதல் முடிந்துவிடுகிறது. மங்காவில் ஏறத்தாழப் பாதியளவுக்கு நீளும் மிச்சக் கதையை எஞ்சிய 12 பகுதிகளில் திணித்ததால், எல்லின் இடத்துக்கு வரும் நியர், மெல்லோ இருவரும் கடைசிவரை நிழலுருவங்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

டெத் நோட்டை எடுத்த அதே மேட்ஹவுஸ் ஸ்டூடியோ 2004-இல் எடுத்த மான்ஸ்டர் இதற்கு நேரெதிர். நவோக்கி உராசவாவின் கதையை 74 பகுதிகளில் எந்த அவசரமும் இல்லாமல் சொல்கிறார்கள். டுசல்டோர்ஃப் மருத்துவமனையில் மேயரை விட்டுவிட்டு, தலையில் குண்டு பாய்ந்த சிறுவனுக்கு அறுவை செய்து காப்பாற்றும் மருத்துவர் டென்மா, அச்சிறுவன் வளர்ந்து கொலைகாரனாகி நிற்பதைக் காண்கிறார். கதை அவரோடு மட்டும் ஓடாமல், வழியில் எதிர்ப்படும் சாதாரண மனிதர்களுக்கு முழுப் பகுதிகளையே ஒதுக்குகிறது. அவரைத் துரத்தும் துப்பறிவாளர் லுங்கே, எதையும் குறிப்பெடுக்காமல், கணினி விசைகளைத் தட்டுவதுபோல விரல்களைக் காற்றில் அசைத்துத் தகவல்களை நினைவில் ஏற்றிக்கொள்வார். முதலில் விசித்திரப் பழக்கமாகத் தோன்றிய அது, மறுமுறை பார்க்கையில், குடும்பத்தையே இழந்தும் அசையாத ஒருவருடைய நோயாகத் தெரிந்தது. மியூனிக் படலம் இழுவை என்ற குற்றச்சாட்டை நான் மறுக்கமாட்டேன்.

நருட்டோவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. முதல் தொடரின் 220 பகுதிகளில் 136-க்குப் பிறகு வருபவை ஏறத்தாழ முழுவதும் ஃபில்லர், அதாவது மங்காவில் இல்லாத இட்டுநிரப்பல் கதைகள்; தயங்காமல் தாண்டிச் செல்லலாம்.

எனக்கு மிகவும் நெருக்கமானது 2005-இல் வெளியான முஷிஷி. எடோ காலத்துக்கும் மெய்ஜி காலத்துக்கும் இடைப்பட்டதாகக் கற்பிக்கப்பட்ட மலைக் கிராமங்களில், தாவரமும் விலங்கும் அல்லாத முஷி என்னும் ஆதி உயிர்களால் பீடிக்கப்பட்டவர்களைத் தேடி, முஷிகளை அறிந்த கிங்கோ நடந்துகொண்டே இருக்கிறான். 26 பகுதிகளும் தனித்தனிக் கதைகள். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு முடிவிசை. இரண்டாம் பகுதியில், வெளிச்சம் பட்டாலே கண் வலிக்கும் ஒரு சிறுமியை இருட்டறையில் வைத்திருக்கிறார்கள். இமையை மூடிய பின் உள்ளே இன்னோர் இமையையும் மூடினால் ஒளியாறு தெரிவதாக அவள் தோழனிடம் சொல்கிறாள். முஷிகளை யாரும் தீயவை என்று சபிப்பதில்லை, கிங்கோவும் எல்லோரையும் காப்பாற்றிவிடுவதில்லை. ஒரே மூச்சில் பார்க்க ஏற்ற தொடர் அன்று. இரவுக்கு ஒன்று போதும்.

அண்மையில் வந்தவற்றில் 2023-இன் ஃப்ரீரன் மட்டுமே இவ்வரிசையில் சேரும். பேரரக்கனை வீழ்த்திய பிறகு தொடங்கும் கதை. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் வாழும் எல்ஃப் என்னும் மாய இனத்தவளான ஃப்ரீரனுக்கு, தோழர்களுடன் கழித்த பத்தாண்டுகளின் மதிப்பு அவர்களுள் ஒருவர் இறந்த பிறகே உறைக்கிறது. பிற்பாதியில் வரும் மந்திரவாதித் தேர்வுப் படலம் வழக்கமான சண்டைத் தொடர்களின் சாயலுக்குச் சரிந்தது எனக்கு ஏமாற்றமே. ஆயினும் அத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகு, விரும்பும் எந்த மந்திரத்தையும் பரிசாகப் பெறலாம் என்ற நிலையில், ஃப்ரீரனின் மாணவி ஃபெர்ன் கேட்டு வாங்கிவருவது துணிகளைப் பளிச்சென்று வெளுக்கும் மந்திரத்தை. அதற்காகவே அந்தப் படலத்தை மன்னித்துவிட்டேன்.