ஃபுகாஸியா, அட் தி டிரைவ்-இன்னா: பாட்டு யார் கையில் இருக்கிறது?

ஹார்ட்கோர் பங்க் ராக்கிலிருந்து கிளைத்த போஸ்ட்-ஹார்ட்கோர் இசையில் ஒரே ஒரு குழுவையாவது முதல் ஆல்பத்திலிருந்து கடைசி ஆல்பம்வரை முழுதாகக் கேட்டுச் சேர்த்துவைக்க விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு பெயர்கள் சொல்லப்படும். ஒன்று வாஷிங்டன் டி.சி.யின் ஃபுகாஸி. இன்னொன்று டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவின் அட் தி டிரைவ்-இன். நான் ஃபுகாஸியைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதே பக்கம்தான் நிற்கிறேன்.

யாருடைய பாட்டு உயர்ந்தது என்ற வாதத்துக்குள் அதிகம் போகப்போவதில்லை. இரண்டும் முதல் தரமான குழுக்கள். ஃபுகாஸியில் ஜோ லாலியின் பேஸும் பிரெண்டன் கேன்டியின் டிரம்ஸும் பாட்டைத் தாங்கிப் பிடிக்க, இயன் மெக்கேயும் கை பிச்சியோட்டோவும் கிதாரிலும் குரலிலும் மாறி மாறி மோதுவார்கள். இடையில் விடப்படும் மௌனம்கூடத் தாளத்தில் சேர்ந்ததுதான். அட் தி டிரைவ்-இன் அப்படி இடைவெளி விடாது. செட்ரிக் பிக்ஸ்லர்-சவாலாவின் குரல் உச்சத்திலேயே நிற்கும். ஒமார் ரோட்ரிகஸ்-லோபஸின் கிதார் பாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஜிம் வார்டின் இரண்டாவது குரல் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும். இரண்டு குழுக்களையும் நான் மேடையில் நேரில் பார்த்ததில்லை. மேடையைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் ஒலிப்பதிவுகளையும் காணொளிகளையும் நம்பித்தான்.

அட் தி டிரைவ்-இன்னுக்குச் சேர வேண்டிய பெருமையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒரே ஒரு ஆல்பம் போதும் என்பவர் யோசிக்காமல் 2000-இல் வந்த 'ரிலேஷன்ஷிப் ஆஃப் கமாண்ட்'டை வாங்கலாம். ராஸ் ராபின்சன் தயாரித்து, ஆண்டி வாலஸ் மிக்ஸ் செய்த (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்த) ஆல்பம் அது. முதல் நொடியிலிருந்தே கேட்பவரின் சட்டையைப் பிடித்து உலுக்கும். ஃபுகாஸியின் எந்த ஆல்பமும் முதல் தடவையிலேயே இப்படி ஆளைச் சாய்த்துவிடாது. 'ரிலேஷன்ஷிப்'புக்கு முன் அட் தி டிரைவ்-இன் தந்த 'இன்/கேசினோ/அவுட்' (1998) அவ்வளவு பளபளப்பு இல்லாதது. நேரடியாக வாசித்துப் பதிந்த சூடு அதில் இருப்பதால் எனக்கு அதுதான் கூடுதல் விருப்பம்.

ஆனால் ஒரு குழுவின் முழு வாழ்க்கையையும் பின்தொடர நினைப்பவர் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். பாட்டு யாருக்குச் சொந்தம்? என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான்.

அட் தி டிரைவ்-இன்னின் முதல் ஆல்பம் 1996-இல் ஃபிளிப்சைடு நிறுவனத்தில் வந்தது. அடுத்தது ஃபியர்லெஸ். அதற்கடுத்து, பீஸ்டி பாய்ஸ் என்ற ராப் குழுவினரின் கிராண்ட் ராயல். மூன்றாவது ஆல்பத்தால் உலகமே திரும்பிப் பார்த்த நேரத்தில், 2001 ஜனவரியில், சிட்னியின் பிக் டே அவுட் விழாவில் கூட்டத்தின் முட்டிமோதலைக் கண்டித்துவிட்டுச் சில பாட்டுகளோடு மேடையிலிருந்து இறங்கினார்கள். மார்ச் மாதத்தில் குழுவே நின்றுபோனது. அதே ஆண்டில் கிராண்ட் ராயலும் மூடப்பட்டது. குழுவும் இல்லை, அதன் மிகப் பெரிய ஆல்பத்தை வெளியிட்ட நிறுவனமும் இல்லை. பின்னாளில் அந்த ஆல்பம் வேறு நிறுவனங்கள் வழியாகத்தான் மீண்டும் கடைக்கு வந்தது. அதன் மிக்ஸ் தனக்குப் பிடிக்கவில்லை என்று ஒமாரே பிறகு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வாசித்தவருக்கே உடன்பாடில்லாத ஒலியில் அந்தக் குழுவின் உச்சம் பதிவாகியிருப்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

ஃபுகாஸி எதிர்த்திசையில் போனது. மெக்கே தன் நண்பர்களோடு 1980-இல் தொடங்கிய டிஸ்கார்ட் நிறுவனம்தான் அவர்களின் எல்லா ஆல்பங்களையும் வெளியிட்டது. 1990-இன் 'ரிப்பீட்டர்' முதல் 2001-இன் 'தி ஆர்கியூமென்ட்' வரை ஆறு ஆல்பங்கள். கைமாற்றம் என்பதே இல்லை. இதனால் என்ன லாபம் என்று கேட்பவருக்கு 'இன் ஆன் தி கில் டேக்கர்' நல்ல பதில். அதற்காக முதலில் சிகாகோவில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினியோடு பதிவு செய்தார்கள். கேட்டுப் பார்த்தார்கள், திருப்தி இல்லை. அப்படியே ஒதுக்கிவைத்துவிட்டு, ஊர் திரும்பி, வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் இருந்த இன்னர் இயர் ஸ்டுடியோவில் தயாரிப்பாளர் டெட் நைஸ்லியோடு முழுதாக மறுபடியும் பதிந்தார்கள். 1993-இல் அதுவே வெளிவந்தது. கடன் கொடுத்துவிட்டுத் தேதியைக் காட்டி நெருக்கும் நிறுவனம் மேலே இருந்திருந்தால் இப்படிச் செய்திருக்க முடியாது என்பது என் கணிப்பு.

நுழைவுச்சீட்டிலும் இதே பிடிவாதம். பெரும்பாலும் 5 டாலர், எல்லா வயதினருக்கும் அனுமதி, டி-ஷர்ட் வியாபாரம் கிடையாது. கூட்டத்தில் யாராவது மற்றவர்களை இடித்துத் துன்புறுத்தினால் பாட்டை நிறுத்தி எச்சரிப்பார்கள். கேட்காவிட்டால் அவருடைய 5 டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். சிட்னியில் அட் தி டிரைவ்-இன் சந்தித்ததும் ஏறத்தாழ இதே சிக்கல்தான். ஆனால் அவ்வளவு பெரிய விழா மைதானத்தில், விதிகளை வகுத்தவர் வேறொருவராக இருக்கும்போது, மேடையை விட்டு இறங்குவதைத் தவிர அவர்களுக்கு வழி இருக்கவில்லை. அதற்காக அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

சேகரிப்பவருக்கு ஃபுகாஸி தரும் பெரிய செல்வம் 2011-இல் தொடங்கிய நேரடி நிகழ்ச்சித் தொகுப்பு. 1987 முதல் 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளில் வாசித்தவர்கள் அவர்கள். அவற்றில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. ஒரு நிகழ்ச்சியின் பதிவுக்கு நிர்ணயித்த விலை 5 டாலர்தான். ஆனால் 1 டாலரும் கொடுக்கலாம், 100 டாலரும் கொடுக்கலாம். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இணையத்தில் தனிப் பக்கம் உண்டு. எந்த ஊர், எந்த அரங்கு, வாசலில் என்ன கட்டணம், ஒலித்தரம் எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். இன்ன வரிசையில் இன்ன பாட்டு என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளும் வழக்கம் இந்தக் குழுவுக்கு இல்லை. ஒருவர் ஒரு பாட்டின் முதல் சுரத்தைத் தொட்டதும் மற்ற மூவரும் வந்து சேர்ந்துகொள்வார்கள். அதனால் ஒரே ஆண்டின் இரண்டு இரவுகளைக் கேட்டாலும் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. சில பதிவுகள் பழைய கேசட்டிலிருந்து எடுக்கப்பட்டவை, இரைச்சல் அதிகம். வாங்கும் முன் ஒலித்தரக் குறிப்பைப் பார்த்துவிடுவது நல்லது.

குழு நின்ற பிறகு நடந்ததில் அட் தி டிரைவ்-இன்னுக்கே கை ஓங்கியிருக்கிறது என்று சொல்வோர் உண்டு. செட்ரிக்கும் ஒமாரும் தொடங்கிய தி மார்ஸ் வோல்டா, மற்ற மூவரின் ஸ்பார்ட்டா என ஒன்று இரண்டாகக் கிளைத்தது உண்மை. 2012-இல் மீண்டும் கூடினார்கள். 2016-இல் ஜிம் வார்டு இல்லாமல் கூடி, 2017-இல் ஒரு புதிய ஆல்பமும் தந்தார்கள். அதை நான் போதிய தடவை கேட்கவில்லை, அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். வார்டின் குரல் இல்லாத குறை மட்டும் முதல் கேட்பிலேயே தெரிந்தது. ஃபுகாஸி 2002 நவம்பரில் லண்டனில் வாசித்ததற்குப் பிறகு மேடை ஏறவில்லை. மீண்டும் நேரில் பார்க்கலாம் என்ற நம்பிக்கையில் குழுவைத் தேர்ந்தெடுப்பவருக்கு இது பெரிய குறைதான்.

ஃபுகாஸியைத் தொடங்குகிறவர் '13 சாங்ஸ்' தொகுப்பிலிருந்து போகலாம், அடுத்து 'ரிப்பீட்டர்'. பிறகு நடுவில் உள்ளவற்றைத் தாண்டி நேராக 'தி ஆர்கியூமென்ட்'டுக்குப் போனால், பத்துச் சொச்சம் ஆண்டுகளில் இந்த நால்வர் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்பது பிடிபடும். 'ரெட் மெடிசின்' அதற்குப் பிறகு. 2014-இல் வெளியிட்ட முதல் டெமோவை (ஆல்பத்துக்கு முந்தைய மாதிரிப் பதிவு) கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1988-இன் தொடக்கத்தில் பதிவான அந்தப் பாட்டுகளின் முதிர்ந்த வடிவங்கள் காதில் ஊறிய பிறகு கேட்டால்தான் அதன் சுவை தெரியும்.