கடலோரத்தில் பிரெஞ்சு படிக்க: நீஸா, வில்ஃபிரான்ஷா, ருவாயானா?

பிரெஞ்சு படிக்க பிரான்சுக்கே போகலாம், அதுவும் கடல் இருக்கிற ஊராகப் பார்த்துப் போகலாம் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் நீஸ் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் அபிப்பிராயம் கேட்கிறார்கள். பிரான்சின் தென்கரையில் இருக்கும் நீஸ் அழகான ஊர், சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளிகளை ஒப்பிட உட்கார்ந்தால் கட்டணத்தையும் கடற்கரைப் படங்களையும் வைத்தே எடை போடுகிறோம். நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறொன்றை: வகுப்பு முடிந்து வெளியே வந்ததிலிருந்து தூங்கப் போகும்வரை அந்த ஊர் உங்களிடம் எந்த மொழியில் பேசும்? வகுப்பறைக்குள் எல்லாப் பள்ளியும் ஏறக்குறைய ஒன்றுதான். மீதி நேரத்தில்தான் மொழி வருகிறது, அல்லது வராமல் போகிறது.

அதற்கு முன் மணிக்கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஏமாற்றம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பொதுவாகச் சொல்லும் கணக்கில், ஒன்றுமே தெரியாதவர் ஐரோப்பிய மொழித் தரவரிசையின் முதல் படியான ஏ1 முடிக்கச் சுமார் 100 மணி நேர வகுப்பு வேண்டும். ஏ2 வரை 200, பி1 வரை 400, பி2 வரை 600 என்று போகும், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். வாரம் 20 மணி நேரம் என்று 4 வாரம் படித்தால் 80 மணி. அதாவது லட்சக்கணக்கில் செலவழித்துப் போய் ஏ1 கூட முடிக்காமல் திரும்பி வருவீர்கள். ஷெங்கன் குறுகிய கால விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம், அந்த 12 வாரத்தையும் முழுதாகப் படித்தாலே 240 மணிதான் தேறும். இன்னொன்று, 'வாரம் 20 பாடம்' என்று போட்டிருந்தால் ஒரு பாடம் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பல இடங்களில் பாடம் என்பது 45 நிமிடம், ஆக 20 பாடம் என்பது 15 மணி நேரம். 60 நிமிடக் கணக்கு வைத்திருக்கும் பள்ளி விலை அதிகமாகத் தெரியும், வகுத்துப் பார்த்தால் அதுவே மலிவாக இருக்கும்.

அதனால் பூஜ்யத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஊர் பிரான்சிலேயே இல்லை. புதுச்சேரி. அங்கே சுய்ஃப்ரன் வீதியில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் என்கிற பிரெஞ்சு மொழி மையம் 1889இல் தொடங்கியது, வகுப்பு முடிந்து கடற்கரைச் சாலைக்கு நடந்தே போகலாம். கட்டணம் ரூபாயில், பிரான்சில் ஆவதில் ஒரு சிறு பங்கு. தெருப்பலகைகள் பிரெஞ்சிலும் தமிழிலும் இருக்கும், ஆனால் தெருவில் பேச்சு தமிழ்தான், வெளியே வந்ததும் பிரெஞ்சு நின்றுவிடும், அதை மறைக்க வேண்டியதில்லை. வினைச்சொல் அட்டவணை, ஆண்பால் பெண்பால், எண்கள் எல்லாவற்றையும் இங்கேயே மனப்பாடம் செய்துவிட்டு ஏ2 முடித்தபின் விமானம் ஏறினால், அங்கே போய்ச் செலவழிக்கும் ஒவ்வொரு யூரோவும் பேசுவதற்கும் கேட்பதற்கும் போகும். யூரோ கொடுத்து எண் ஒன்று இரண்டு படிப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றெரிச்சலாக இருக்கும்.

சரி, இப்போது நீஸ். பாரிஸின் இரண்டு விமான நிலையங்களுக்கு அடுத்தபடி பிரான்சில் பெரியது நீஸ் விமான நிலையம்தான், போய்வரச் சுலபம். குளிர்காலத்திலும் வெயில் அடிக்கும். பள்ளிகள் நிறைய, எந்தத் திங்கட்கிழமையும் ஏதாவது ஒன்றில் சேரலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு சொக்கா இருக்கிறது, கொண்டைக்கடலை மாவில் பெரிய தட்டில் சுட்டுத் துண்டு போட்டுத் தருவார்கள், மிளகுத்தூள் தூவி சூடாகச் சாப்பிட்டால் நம் அடை நினைவுக்கு வரும். குறை என்னவென்றால், ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களின் எண்ணிக்கைதான். பேக்கரியில் வரிசையில் நிற்கும்போதே வாக்கியத்தை மனசுக்குள் கட்டி வைத்து, முறை வந்ததும் பிரெஞ்சில் சொல்வீர்கள். ஒரு உச்சரிப்பு சறுக்கும், கடைக்காரப் பெண் மரியாதையாகவே ஆங்கிலத்தில் விலை சொல்லிவிடுவாள். அவள் மேல் தப்பு கிடையாது, பின்னால் பத்து பேர் நிற்கிறார்கள். ஆனால் நாள் முழுக்க இதே நடந்தால் மனம் ஒடிந்துவிடும், நமக்கும் ஆங்கிலம் வரும் என்பதால் நாமும் வழுக்கிக்கொண்டு போய்விடுவோம். நான் நீஸில் படித்த இடத்தில் இடைவேளையில் முற்றத்தில் கேட்டதெல்லாம் ஆங்கிலம்தான். ஆசிரியர்கள் நல்லவர்கள், வகுப்பும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் காப்பி இயந்திரத்தைச் சுற்றி பிரெஞ்சு பேச யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

நீஸுக்குப் பக்கத்தில் அதே கரையில் இருக்கும் ஆன்டீப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீஸில் கூழாங்கல் கரை என்றால் இங்கே மணல், பழைய ஊரும் சந்தையும் அருமை. ஆனால் அங்குள்ள வோபான் துறைமுகம் உல்லாசப் படகுகளுக்குப் பேர்போனது, படகுகளில் வேலை செய்பவர்களின் பொதுமொழி ஆங்கிலம், மாலையில் துறைமுகத்தை ஒட்டிய கடைகளில் அதுதான் காதில் விழும். கோடையில் ஐரோப்பாவெங்கும் இருந்து பதின்ம வயதுப் பிள்ளைகளும் வந்து குவிவார்கள். பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்குப் பொருந்தலாம், முப்பது வயதில் வேலைக்கு விடுப்பு எடுத்துப் போகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

நீஸிலிருந்து ரயிலில் பத்து நிமிடத்துக்குள் வில்ஃபிரான்ஷ்-சுர்-மேர். அங்கே குன்றின்மேல், விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் என்ஸ்தித்யூ தெ பிரான்சே 1969இலிருந்து ஒரே முறையை விடாமல் நடத்திவருகிறது. காலை உணவிலிருந்து மாலை ஐந்து மணிவரை, நாளுக்கு எட்டரை மணி நேரம், எல்லாமே பிரெஞ்சில். மதியச் சாப்பாட்டு மேசையில் ஆசிரியரும் உட்காருவார், உப்பைத் தள்ளச் சொல்வதும் பிரெஞ்சில்தான். வளாகத்துக்குள் வேறு மொழிக்கு இடமில்லை. 21 வயது ஆனவர்களுக்கு மட்டும் என்பதால் வந்திருப்பவர்கள் எல்லோரும் நிஜமாகவே படிக்க வந்தவர்கள். 4 வாரத்துக்கு 170 மணி, சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்து. நான் ஒப்பிடும் மற்ற எல்லாப் பள்ளிகளிலும் வெளியே ஊர் செய்ய வேண்டிய வேலையை இங்கே பள்ளியே செய்துவிடுகிறது. கட்டணம் கனமானது, பல ஆயிரம் யூரோ, தங்குமிடம் வேறு. ஒரு மாதம்தான் விடுப்பு, பணம் பிரச்சினை இல்லை, பி1 பக்கத்தில் நின்றுபோய்விட்டேன் என்கிறவருக்கு இதைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது.

ஆனால் மூன்று மாதம் தங்க முடிகிறவருக்கு, கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டியவருக்கு, என் வாக்கு அட்லாண்டிக் கரையில் இருக்கும் ருவாயானுக்கு. நம்மூரில் இந்தப் பெயரையே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஜிரோந்த் கழிமுகம் கடலில் சேரும் இடம், பாரிஸிலிருந்து வேக ரயிலில் ஆங்கூலேம் வந்து மாற வேண்டும். 1945 ஜனவரி 5ஆம் தேதி நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் ஊர் அநேகமாக முழுதும் அழிந்தது, ஐம்பதுகளில் வெள்ளைக் கான்கிரீட்டில் திரும்பக் கட்டினார்கள். பழங்காலத் தெருக்கள் என்று காட்ட அதிகமில்லாததாலோ என்னவோ வெளிநாட்டுக் கூட்டம் இங்கே திரும்புவதில்லை, ஜூலை ஆகஸ்டில் கடற்கரை நிரம்பி வழிந்தாலும் வந்திருப்பது பெரும்பாலும் பிரெஞ்சுக் குடும்பங்கள்தான். மொழி படிக்க வருகிறவருக்கு இது பெரிய வரம். காரெல் என்கிற மையம் 1966இலிருந்து இங்கே பிரெஞ்சு சொல்லித் தருகிறது, பல நாடுகளிலிருந்து பிரெஞ்சு ஆசிரியர்களே பயிற்சிக்கு வருகிற இடம்.

சிப்பி கவிழ்த்தது மாதிரிக் கூரை போட்ட மையச் சந்தைக்குக் கோடையில் போய் முலாம்பழம் கேட்டுப் பாருங்கள். விலையைச் சொல்லிக் கொடுத்துவிட மாட்டார்கள். இன்றைக்குச் சாப்பிடவா, நாளைக்கா என்று கேள்வி வரும். இன்றைக்கு என்றால் மதியமா ராத்திரியா என்று அடுத்த கேள்வி. பழத்தைத் தூக்கி, காம்பைப் பார்த்து, அடியை முகர்ந்து, இதை வைக்காதீர்கள், ராத்திரிக்குள் வெட்டிவிடுங்கள் என்று சொல்லி எடுத்துத் தருவார்கள், அப்புறம் வேறென்ன வேண்டும் என்று நிறுத்துவார்கள். நீங்கள் திக்கினால் ஆங்கிலத்துக்குத் தாவ மாட்டார்கள், அதே கேள்வியை மெதுவாக இன்னொரு தடவை கேட்பார்கள். ஓய்வுபெற்றவர்கள் நிறைய வாழும் ஊர், அவர்களுக்கு நேரம் இருக்கிறது, பேசப் பிடிக்கும். இதற்கு எந்தப் பள்ளியும் கட்டணம் போட முடியாது.

குறையும் உண்டு. நவம்பருக்கு மேல் ஊர் அடங்கிவிடும், மழையும் காற்றும் படுத்தும், இருபது வயதுக்காரருக்கு மாலையில் பொழுது போகாது. சைவம் என்றால் கடற்கரை உணவகங்களில் திண்டாட்டம்தான். அங்கே போவதானால் மே, ஜூன், செப்டம்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே காரணங்களுக்காக பிரான்சின் வடமேற்கில் பிரெத்தாஞ் பக்கம் பிரெஸ்ட், சென் மாலோ போன்ற ஊர்களையும் பார்க்கலாம், குளிரும் மழையும் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

எந்த ஊராக இருந்தாலும் பள்ளிக்கு குவாலிதே எஃப்.எல்.ஈ. என்கிற தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2007இல் பிரெஞ்சு அரசு ஏற்படுத்தியது, நேரில் தணிக்கை செய்து கற்பித்தல், ஆசிரியர்கள், வரவேற்பு, இடம், நிர்வாகம் என்று ஐந்திலும் மூன்று நட்சத்திரம்வரை தருவார்கள். கனடா மத்திய அரசின் குடியேற்றத் திட்டங்களுக்காகப் படிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: அவற்றுக்கு பிரெஞ்சு அரசு தரும் டெல்ஃப் சான்றிதழ் செல்லாது, டெஃப் கனடா அல்லது டி.சி.எஃப். கனடா என்கிற தேர்வை எழுதியிருக்க வேண்டும், முடிவும் 2 வருடத்துக்குள் இருக்க வேண்டும். பள்ளி எந்தத் தேர்வுக்குத் தயார்படுத்துகிறது என்று கேட்காமல் சேராதீர்கள்.

தங்குவதற்குத் தனி அறையைவிட ஒரு குடும்பத்தோடு, இரவுச் சாப்பாடு சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சைவம் என்பதை, முட்டை உண்டா இல்லையா என்பதுவரை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். அதே வீட்டில் இன்னொரு மாணவரையும் வைப்பார்களா, அப்படியானால் அவர் என்ன மொழி பேசுகிறவர் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.