பழைய காரின் எலக்ட்ரிக்கல் வேலை கற்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

அப்பா வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்ட் இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. சென்னையிலேயே செய்த வண்டி. அதன் வயரிங்கை வெகுகாலம் பார்த்துவந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் வயதாகிக் கடையை மூடிவிட்டார். இப்போது வேலைக்கு வரும் பையன்கள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் மின்சாரம் உண்டாக்கும் டைனமோவும், அதைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்அவுட்டும் அவர்கள் கையில் எடுத்துப் பார்த்த பொருளே இல்லை. சரி, நாமே கற்றுக்கொள்வோம் என்று புத்தகங்களை வாங்க ஆரம்பித்தேன். நான் படித்தது பி.காம்., வேலை பார்த்தது வங்கியில். மின்சாரம் பற்றிப் பள்ளிப் பாடத்துக்கு மேல் எதுவும் தெரியாமல் உள்ளே வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அம்பாசடர், மோரிஸ் மைனர், ஹெரால்ட் வைத்திருப்பவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும் என்றால், ரிக் ஆஸ்ட்லி எழுதிய ‘கிளாசிக் பிரிட்டிஷ் கார் எலக்ட்ரிக்கல் சிஸ்டம்ஸ்’ வாங்குங்கள். 1950 முதல் 1980 வரையிலான பிரிட்டிஷ் கார்களுக்கென்றே எழுதியது. நம் ஹெரால்டும் அம்பாசடரும் பிறந்த குடும்பம் அதுதான். கார்களின் எலக்ட்ரிக்கல் சாமான் செய்யும் லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி சென்னை பாடி பகுதியில் 1961-ல் தொடங்கியது. இங்கிலாந்து லூகாஸ் செய்த அதே முறையில்தான் நம் வண்டிகளின் சாமான்களும் வந்தன. அதனால் பர்மிங்காமில் ஓடிய காருக்கு எழுதிய பாடம் பெரம்பூரில் நிற்கும் காருக்கும் சரியாக வருகிறது. படங்கள் கலரில் இருப்பது ஆடம்பரம் இல்லை. வயரிங் கற்க நிறம் அவசியம்.

ஏன் நிறம் என்று கேட்டால், லூகாஸ் முறையில் வயரின் நிறமே அதன் வேலையைச் சொல்லிவிடும். பிரவுன் என்றால் ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் வருவது. பச்சை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் தாண்டி வருவது. ஊதா, சாவி போடாமலே ஃபியூஸ் வழியாக எப்போதும் உயிரோடு இருப்பது. நீலம் ஹெட்லைட், சிவப்பு சைடு லைட்டும் டெயில் லைட்டும், கறுப்பு எர்த், அதாவது கரன்ட் வண்டியின் உடல் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை. பச்சையில் சிவப்புக் கோடு இடது இன்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது. இந்தப் பட்டியல் மனதில் ஏறிவிட்டால், டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விடும்போது இருக்கும் பயம் பாதி போய்விடும். எந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் இந்தப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவதாக நான் தேடுவது, டேஷ்போர்டில் எரியும் இக்னிஷன் வார்னிங் லைட்டை ஆசிரியர் எப்படி விளக்குகிறார் என்பதை. ‘சார்ஜ் ஆகவில்லை என்றால் எரியும்’ என்பதோடு நிறுத்தினால் அந்தப் புத்தகம் வேண்டாம். டைனமோ வண்டியில் அந்த பல்புக்கு ஒரு பக்கம் இக்னிஷன் சுவிட்ச், மறுபக்கம் டைனமோ. இன்ஜின் நிற்கும்போது ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் ஒன்றும் இல்லை. கரன்ட் ஓடுகிறது, பல்பு எரிகிறது. டைனமோ சுழன்று வோல்ட்டேஜ் ஏறியதும் இரு பக்கமும் சமம். ஓட வழியில்லை, அணைந்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டவருக்கு மங்கலாக எரிவது ஏன், சாவியை அணைத்த பிறகும் எரிந்தால் எங்கே தேட வேண்டும் என்பதெல்லாம் தானே விளங்கும். டைனமோவுக்குப் பதிலாகப் பின்னால் வந்த ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகளில் பெரும்பாலும் அந்த பல்பு வழியாகப் போகும் கரன்ட்தான் சார்ஜிங்கைத் துவக்கிவைக்கிறது. டைனமோவுக்கு அந்த உதவி தேவையில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாத புத்தகம் நம் காலத்து வண்டிக்கு எழுதியது இல்லை.

அடுத்து, உங்கள் காரின் ஒர்க்‌ஷாப் மேனுவல். ஆஸ்ட்லி புத்தகம் புரிய வைக்கும். வேலை செய்ய வைப்பது மேனுவல். கம்பெனி மேனுவல் கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் நம் ஹெரால்டின் இங்கிலாந்து மூலமான டிரையம்ப் ஹெரால்டுக்கு ஹெயின்ஸ் பதிப்பகம் போட்ட மேனுவல் போதும். அதில் எலக்ட்ரிக்கல் அத்தியாயம் குறைந்த பக்கங்கள்தான், ஆனால் டைனமோ சோதனை ஒன்றுக்காகவே அதை வைத்துக்கொள்ளலாம். டைனமோவிலிருந்து இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, டி, எஃப் என்ற இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் சேர்க்க வேண்டும். அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே மீட்டர். இன்ஜினை ஸ்டார்ட் செய்து மெதுவாக ஏற்றினால் முள் தயங்காமல் ஏற வேண்டும். 20 வோல்ட்டை எட்ட விடக்கூடாது, நிமிடத்துக்கு 1000 சுற்றைத் தாண்டவும் கூடாது. அரை வோல்ட், ஒரு வோல்ட்டிலேயே நின்றுவிட்டால் ஃபீல்டு வைண்டிங் (உள்ளே அசையாமல் இருக்கும் காந்தச் சுருள்) போயிருக்கலாம். நாலைந்து வோல்ட்டில் நின்றால் சுழலும் பாகமான ஆர்மேச்சரைச் சந்தேகப்படுங்கள். இதைச் செய்து பார்த்துவிட்டால், ‘டைனமோவையே மாத்திடலாம் சார்’ என்று யாராவது சொல்லும்போது நிதானமாக இருக்க முடியும். பல நேரம் டைனமோ நன்றாகத்தான் இருக்கும், கோளாறு கட்அவுட்டிலோ இடையே ஓடும் வயரிலோ இருக்கும். இந்தச் சோதனைக்கு டிஜிட்டல் மீட்டரை விட முள் மீட்டர் நல்லது. எண்கள் குதித்துக்கொண்டே இருந்தால் எதைப் படிப்பது?

மேனுவலில் கட்அவுட் அட்ஜஸ்ட்மென்ட் பக்கத்தைப் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. கட்அவுட்டோடு ஒரே பெட்டியில் இருந்து வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் பழைய இரண்டு காயில் ரெகுலேட்டருக்கு, பேட்டரி இணைப்பு இல்லாமல் எடுக்கும் ரீடிங் 16 வோல்ட்டை ஒட்டி இருக்கும். 14 வோல்ட் பழகிய இளைஞர்கள் அதைப் பார்த்து ஸ்க்ரூவைக் குறைத்துவிடுகிறார்கள், அப்புறம் பேட்டரி ஏறுவதே இல்லை. அந்த அளவு வெப்பநிலைக்கு ஏற்பவும் மாறும். நம் ஊர் மே மாத மதியத்தில் வேலை செய்கிறவர் அட்டவணையில் 20 டிகிரி வரியைப் பார்க்கக் கூடாது.

வோல்ட்டேஜ் டிராப், அதாவது வயரிலும் இணைப்பிலும் வழியிலேயே வோல்ட்டேஜ் குறைவது. இதை ஒழுங்காகச் சொல்லித்தருவதுதான் லூகாஸ் கம்பெனியே தன் ஆட்களுக்காகப் போட்ட ‘ஃபால்ட் டயக்னோசிஸ் சர்வீஸ் மேனுவல்’. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை. இங்கே மீட்டரை வை, இவ்வளவு காட்ட வேண்டும், காட்டவில்லையா, அடுத்த இடத்துக்குப் போ. டெஸ்ட் லேம்ப் வைத்துத் தேடும் நம் வழக்கத்தில் ‘கரன்ட் வருதா, வரலையா’ என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு வருகிறது என்பது தெரியாது. ஹெரால்டில் பானட் முழுதாக முன்பக்கம் சாயும். ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்தே போகும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த வயர்கள் வளைகின்றன. என் காரில் ஹெட்லைட் மஞ்சளாக எரிந்தபோது, விளக்கைப் போட்டுவிட்டு பேட்டரியின் எர்த் முனையில் ஒரு மீட்டர் கம்பியும், ஹெட்லைட்டின் எர்த் முனையில் இன்னொன்றும் வைத்தேன். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் காட்டியது. கறுப்பு வயரின் புல்லட் கனெக்டரைப் பிரித்தால் உள்ளே பச்சையாகக் களிம்பு. உப்புத்தாளால் தேய்த்து, புது கனெக்டர் போட்டதும் வெளிச்சம் வெள்ளையாகிவிட்டது. பல்பை மாற்றவில்லை, பேட்டரியை மாற்றவில்லை. பத்து சதவீத வோல்ட்டேஜ் குறைந்தாலே பல்பின் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறைந்துவிடும் என்பதால், இந்தச் சின்னக் களிம்பைச் சின்ன விஷயம் என்று சொல்ல முடியாது. கடற்காற்று அடிக்கும் ஊரில் பாதிக் கோளாறு எர்த்தில்தான்.

கல்லூரிப் பாடப்புத்தகங்கள் பற்றியும் கேட்கிறார்கள். பி.எல்.கோலியின் ‘ஆட்டோமோட்டிவ் எலக்ட்ரிக்கல் எக்யூப்மென்ட்’ டிப்ளமோ மாணவர்களுக்கு எழுதியது. மொழி வறண்டது, படங்கள் எளிய கோட்டுப் படங்கள், ஆனால் ஏன் இப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியை விடுவதில்லை. பழைய புத்தகக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்தால் எடுத்து வையுங்கள். டாம் டென்டனின் ‘ஆட்டோமொபைல் எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ்’ தடித்த, மிக நல்ல புத்தகம்; சென்சார், கன்ட்ரோல் யூனிட் என்று இன்றைய வண்டிகளுக்கு எழுதியது. 2010 மாடல் கார் வைத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். டைனமோ காருக்காக அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

பிரிமியர் பத்மினிக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது இத்தாலிய ஃபியட் வழி வந்த வண்டி. லூகாஸ் நிறப் பட்டியல் அங்கே செல்லாது. மேலே சொன்ன பிரிட்டிஷ் புத்தகத்தை அடிப்படை கற்க வாங்கலாம், வயரைத் தேட ஃபியட் 1100 மேனுவல்தான் வேண்டும். அதேபோல 60-களின் நடுப்பகுதி வரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்கள் பாசிட்டிவ் எர்த். உங்கள் வண்டியில் பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு, புத்தகத்தின் படம் எந்த எர்த்துக்கு வரைந்தது என்றும் பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். இடையில் யாராவது மாற்றியும் இருப்பார்கள்.

வாங்கும்போது மறுபதிப்புகளில் ஜாக்கிரதை. இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் நான் வாங்கிய மேனுவல் பிரதியில் வயரிங் படம் இரண்டு பக்கமாகப் பிரிந்து, நடுவில் ஒரு விரல் அகலம் பைண்டிங்குக்குள் போய்விட்டது. கட்அவுட்டும் ரெகுலேட்டரும் இருக்கும் கன்ட்ரோல் பாக்ஸ் சரியாக அந்த இடத்தில். வாங்கும் முன் வயரிங் படப் பக்கத்தின் போட்டோ கேளுங்கள். முடிந்தால் மூர் மார்க்கெட் பக்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பாருங்கள். கிரீஸ் கறை படிந்த பழைய பிரதி கிடைத்தால் பேரம் பேசி வாங்கலாம். கறை எந்தப் பக்கத்தில் அதிகமோ, அந்தப் பக்கத்தை முன்பிருந்தவர் நிறையப் பயன்படுத்தியிருக்கிறார்.

புத்தகம் வந்ததும் வயரிங் படத்தை ஏ3 அளவில் ஜெராக்ஸ் எடுத்து, கலர் பென்சிலால் ஒவ்வொரு வயரையும் நீங்களே நிறம் தீட்டுங்கள். மேனுவலில் நிறங்கள் எழுத்தாக இருக்கும்: N என்றால் பிரவுன், U என்றால் நீலம், B என்றால் கறுப்பு. முதலில் ஹெட்லைட் வழி மட்டும், மறுநாள் ஹார்ன், அதற்கடுத்து சார்ஜிங். தீட்டி முடித்த தாளை லேமினேட் செய்து வண்டியிலேயே வைத்திருங்கள்.