ஒன்றரை ஷிப்ட்டில் போகும் பணம்: திருப்பூர் பனியன் கம்பெனியில் சேருகிறவர்கள் கவனிக்க

அவிநாசி ரோடு, பல்லடம் ரோடு, பெருமாநல்லூர் ரோடு, எதில் போனாலும் கம்பெனி கேட்டில் போர்டு தொங்குகிறது: "சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் டைலர்கள், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., போனஸ் உண்டு." சொன்னபடி கொடுக்கிற கம்பெனிகளும் இந்த ஊரில் இருக்கின்றன. இந்தப் பதிவு மற்றவர்களைப் பற்றியது. சம்பளமே தராமல் ஓடுகிறவர்கள் குறைவு. சனிக்கிழமை தவறாமல் கவர் கொடுத்துக்கொண்டே பணத்தை எடுப்பவர்கள்தான் அதிகம். அதனால்தான் வருஷக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை.

முதலில் ஷிப்ட் கணக்கு. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். அதற்குமேல் நான்கு மணி நேரம் ஓட்டினால் 'ஒன்றரை ஷிப்ட்' என்று எழுதுவார்கள். காது பழகிப்போன வார்த்தை என்பதால் நியாயமாகவே தோன்றும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் என்பது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது, புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஷிப்ட் கூலி 560 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 70. கூடுதல் நான்கு மணி நேரத்துக்கு 140 வீதம் 560 வர வேண்டும். ஆக அன்றைக்கு 1,120 ரூபாய், அதாவது முழுசாக இரண்டு ஷிப்ட். கவரில் இருப்பது 840. ஒரு நாளைக்கு 280, மாதம் 26 நாள் இப்படி ஓடினால் 7,280 ரூபாய் போகிறது. இரவு டீ பேட்டா என்று கொடுக்கும் சில்லறை இதற்கு ஈடாகாது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெறப்பட்டது. ஆனால் ஒன்றரை ஷிப்ட் என்ற பெயரில் அதே 12 மணி நேரம் இங்கே எப்போதோ வந்துவிட்டது.

அடுத்தது பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதியில் நடக்கும் நாள் திருட்டு. நீங்கள் 26 நாள் வேலை செய்திருப்பீர்கள். கவரில் 26 நாளுக்கும் 12 சதவீதம் பிடித்திருப்பார்கள். பி.எஃப். ஆபீசுக்குப் போகும் கணக்கிலோ 10 நாள்தான் வேலை, மீதி 16 நாள் வரவில்லை என்று இருக்கும். அதே 560 ரூபாய்க் கணக்கில் பார்த்தால் மாதச் சம்பளம் 14,560, உங்களிடம் பிடித்தது 1,747 ரூபாய். 10 நாளுக்குக் கட்டியது 672. மீதி 1,075 ரூபாய் உங்கள் பணம். கம்பெனி தன் பங்காகப் போட வேண்டிய இன்னொரு 1,075 ரூபாயும் போகவில்லை. மாதத்துக்கு 2,150 ரூபாய். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்துக்கொள்வது சம்பளத் தகராறு மட்டும் இல்லை. பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவின்படி நம்பிக்கை மோசடிக் குற்றம்.

இதைக் கண்டுபிடிக்க யாரிடமும் கெஞ்ச வேண்டாம். உங்கள் பி.எஃப்.க்கான 12 இலக்க அடையாள எண்ணை, அதாவது யு.ஏ.என்.னை, முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். அதோடு எந்த மொபைல் எண் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். ஆபீஸ் ஆள் தன் எண்ணையே போட்டு வைத்திருந்தால் பணம் ஏறிய செய்தி அவருக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. உங்கள் எண் இணைந்திருந்தால் அதிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு வரும். மத்திய அரசின் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக் பார்க்கலாம். ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கம்பெனி கட்ட வேண்டும். அதனால் 25-ம் தேதிக்கு மேல் பார்ப்பது நல்லது. பாஸ்புக்கில் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள், எந்தச் சம்பளத்துக்குக் கட்டியிருக்கிறார்கள் என்ற பத்தியைக் கவரோடு ஒப்பிடுங்கள். பி.எஃப். இணையதளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் அந்த மாதம் எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்பதும் தெரியும். உங்கள் லைனிலேயே அறுபது பேர் உட்கார்ந்திருக்க, மொத்தக் கம்பெனிக்கும் முப்பது பேர் கணக்கு ஓடினால் சேதி விளங்கிவிடும்.

நாளைக் குறைத்துக் காட்டுவதில் பி.எஃப்.பைவிடப் பெரிய அடி ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் விழுகிறது. உங்களிடம் 0.75 சதவீதம், கம்பெனி 3.25 சதவீதம். சிறு தொகை என்று யாரும் கவனிப்பதில்லை. நோய்க்கால உதவித்தொகை, அதாவது காய்ச்சலோ ஆபரேஷனோ ஆகி லீவில் இருக்கும் நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க வேண்டுமானால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அல்லது அக்டோபர் முதல் மார்ச் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா இருக்க வேண்டும். மாதம் 10 நாள் காட்டினால் ஆறு மாதத்துக்கு 60 நாள். அவ்வளவுதான், தகுதி போய்விட்டது. ஆறு மாதமும் பணம் பிடித்திருப்பார்கள், சீட்டும் கையில் இருக்கும், ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் விஷயம் தெரியும்.

வேலையிடத்து விபத்துக்கு இந்த 78 நாள் விதி கிடையாது. சேர்ந்த முதல் நாள் கட்டிங் மெஷினில் விரல் போனாலும் உரிமை உண்டு. வேலை செய்ய முடியாத நாளுக்கு 90 சதவீதம், நிரந்தர ஊனமானால் மாதாமாதம் உதவித்தொகை. பதிவே செய்யாமல் விட்டிருந்தாலும் அது கம்பெனியின் குற்றம், உங்கள் உரிமை போகாது. இங்கே நடக்கும் வேலை வேறு. ஊசி விரலில் இறங்கியதும் சூப்பர்வைசரே பைக்கில் தனியார் கிளினிக்குக் கூட்டிப்போவார், செலவையும் அவரே கொடுப்பார். போகிற வழியில், "வீட்டுல பட்டதுன்னு சொல்லிருங்க கண்ணு, கம்பெனின்னா டாக்டர் ஆயிரம் கேள்வி கேப்பாரு" என்பார். டாக்டர் சீட்டில் 'வீட்டில்' என்று ஒரு சொல் ஏறிவிட்டால் பின்னால் அதை மாற்றுவது மிகக் கடினம். எந்த மெஷின், எத்தனை மணி, எந்த இடம் என்பதைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். கம்பெனி விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும், அது படிவம் 12. அனுப்பவில்லை என்றால் நீங்களே ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள்.

"பீஸ் ரேட் டைலருக்கு இதெல்லாம் கிடையாதுங்க" என்று கான்ட்ராக்டர் சொன்னால் நம்ப வேண்டாம். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கும் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., குறைந்தபட்சக் கூலி உண்டு. பீஸ் ஓடாத நாளில் ரேட் கணக்குப்படி கூலி குறைந்தபட்சத்துக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தர வேண்டும். அந்தக் குறைந்தபட்சமும் நிலையானது இல்லை, பஞ்சப்படி ஒவ்வொரு ஏப்ரல் 1-ம் தேதியும் மாறும். பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ.யும் இருபது பேர் இருந்தால் பி.எஃப்.பும் கட்டாயம் என்பதால், அந்த எண்ணிக்கைக்குக் கீழே காட்டுவதற்காக ஒரே மாடியில் இரண்டு மூன்று கான்ட்ராக்டர் பெயர் ஓடும். கான்ட்ராக்டர் தராவிட்டால் வேலை வாங்கிய கம்பெனியே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் யாருக்குத் தைத்தோம் என்று காட்ட முடியாமல்தான் பலருடைய வழக்கு விழுகிறது. தைக்கிற பீசின் மெயின் லேபிள், பண்டல் சீட்டு, கம்பெனி கேட் போர்டு மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். லேபிளில் இருக்கும் வெளிநாட்டு பிராண்டுக்குப் புகார் வழி இருக்கலாம், அந்த எண்ணைக் கம்பெனிச் சுவரிலேயே ஒட்டியிருப்பார்கள். ஆடிட், அதாவது பிராண்டின் சோதனை, வரும் நாளில் கான்ட்ராக்ட் டைலர்களை லீவு எடுக்கச் சொல்வதும் நீங்கள் அவர்கள் கண்ணில் படாமல் இருக்கத்தான். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், ஸ்டைல் எண், என்ன ஆபரேஷன், எத்தனை பீஸ், ரேட். சம்பளக் கவரைக் கிழித்துப் போடாதீர்கள். கூலி ஜிபேயில் வந்தால் யார் எண்ணிலிருந்து வந்தது என்பதோடு ஸ்கிரீன்ஷாட். "ஞாயிறு நைட் இருக்கு, எல்லாரும் வந்துருங்க" என்ற வாட்ஸ்அப் செய்தியும் ஓவர்டைமுக்குச் சாட்சிதான். சேருகிற அன்று வெற்றுத் தாளிலோ, தேதி போடாத ராஜினாமாக் கடிதத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள். ஆதார் ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

21.11.2025 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலில் இருக்கின்றன. கையில் வைத்திருக்க வேண்டியவை இவை: நியமனக் கடிதம் கட்டாயம், சம்பளச் சீட்டு கட்டாயம், வேலையை விட்டாலும் நீக்கினாலும் இரண்டு வேலை நாளுக்குள் கூலிப் பாக்கியைத் தர வேண்டும், சம்பளப் பாக்கி கேட்டுப் போட்ட மனுவில், கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது. பாக்கி கேட்க மூன்று ஆண்டு அவகாசம். பழைய சட்டத்தில் குறைந்தபட்சக் கூலி வித்தியாசத்துக்கு ஆறு மாதமும் மற்ற சம்பளப் பாக்கிக்கு ஒரு வருஷமும்தான் இருந்தது. அதனால் பழைய பாக்கி இருப்பவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதி ஒரே ஆபீசில் கொடுப்பதுதான் மனு செத்துப்போகும் முதல் காரணம். கூலியும் ஓவர்டைமும் தொழிலாளர் துறைக்கு, பி.எஃப். பி.எஃப். ஆபீசுக்கு, விபத்தும் சந்தாவும் ஈ.எஸ்.ஐ.க்கு, மெஷின் பாதுகாப்பும் வேலை நேரமும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரத் துறைக்கு. இரண்டாவது காரணம், "ரொம்பக் கொடுமை செய்கிறார்கள்" என்று எழுதுவது. அதிகாரி வந்து ரெஜிஸ்டரைக் கேட்பார், அவர்களும் அழகான ரெஜிஸ்டரைக் காட்டுவார்கள், மனு முடிந்தது. "மார்ச் மாதம் 26 நாள் வேலை, பிடித்தது 1,747, பாஸ்புக்கில் ஏறியது 672" என்று எழுதிய மனுவை அப்படி மூட முடியாது. பி.எஃப். ஆபீசில் நிலுவையைக் கணக்கிட்டு வசூலிக்கும் விசாரணை வைக்கும்படி கேளுங்கள், பி.எஃப். சட்டத்தில் '7ஏ விசாரணை' என்று பெயர் பெற்றது அதுதான். ஐந்தாறு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் ஒருவரை மட்டும் குறிவைத்து நீக்குவது சிரமம். பனியன் தொழிலாளர் சங்கம் ஏதாவது ஒன்றின் வழியாகப் போனால் இன்னும் நல்லது. மனுவுக்குப் பதில் இல்லை என்றால் முதல்வரின் புகார் உதவி எண் 1100. வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் இலவசச் சட்ட உதவிக்கு 15100.

"நாளையில இருந்து வர வேண்டாம்" என்று வாயால் சொன்னால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் கடிதம் போடுங்கள்: இன்ன தேதியில் இன்னார் வேலைக்கு வர வேண்டாம் என்றார், நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன் என்று. இது இல்லாவிட்டால் "அவராகவே நின்றுவிட்டார்" என்று எழுதிவிடுவார்கள்.

கடைசியாக தீபாவளி. போனஸ் கவரோடு ஒரு தாள் வரும், கூட்டத்தில் வரிசையில் நிற்கும்போது நீட்டுவார்கள். மேலே போனஸ் என்றிருக்கும், கீழே சின்ன எழுத்தில் "கணக்கு முழுவதும் முடித்துக்கொண்டேன், இனி பாக்கி எதுவும் இல்லை" என்றிருக்கும். பொங்கலுக்குள் புதிய ஆள் என்று மறுபடி சேர்ப்பார்கள். ஐந்து வருஷத் தொடர்ச்சியை உடைத்துக் கிராஜுட்டி, அதாவது பணிக்கொடை, தராமல் இருக்கத்தான் இந்தத் தாள். வருஷத்துக்கு 15 நாள் கூலி என்றால் 560 ரூபாய்க்காரருக்கு 8,400, ஐந்து வருஷத்துக்கு 42,000 ரூபாய். கவரை வாங்குங்கள், போனஸ் உங்கள் பணம். கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி போட்டு, "போனஸ் தொகை மட்டும் பெற்றேன்" என்று உங்கள் கைப்பட எழுதி, தாளை மொபைலில் ஒரு போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள்.