நான்கு குளிர்காலம் ஓட்டிய டயரைக் கழற்றப் போகிறேன்

என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கோவையிலிருந்து லண்டன் வந்து எட்டு மாதம் ஆகிறது. பழைய ரோடு சைக்கிள் ஒன்றை வாங்கி வெயில்காலம் முழுக்க ஓட்டினார். அக்டோபர் கடைசியில் கேட்டார்: "அண்ணா, குளிர்காலத்துலயும் நிறுத்தாம ஓட்டணும். நூத்தம்பது பவுண்டுக்குள்ள டிரெஸ், டயர் ரெண்டும் முடியுமா?" முடியும் என்றேன். ஐந்து குளிர்காலம் ஓட்டியிருக்கிறேன், எழுதியே தருகிறேன் என்றும் சொன்னேன். எழுத உட்காருவதற்குள், இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை குறுக்கே வந்துவிட்டது. அதனால் இதில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும்.

நான் இருப்பது தென் லண்டனில், டூட்டிங்கில். ஞாயிறு காலை எப்சம் வழியாக ஹெட்லி, பாக்ஸ் ஹில் என்று போய்த் திரும்புவேன். போக வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 2012 ஒலிம்பிக்கில் ஆண்கள் சாலைப் பந்தயத்தில் ஒன்பது சுற்று ஏறினார்களே, அந்த பாக்ஸ் ஹில்தான். அவர்கள் ஏறியது ஜூலையில். டிசம்பரில் அந்த மலைக்கு வேறு முகம். தென் இங்கிலாந்தின் குளிர், படங்களில் பார்க்கிற வெண்பனிக் குளிர் கிடையாது. பூஜ்யத்துக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவே, எப்போதும் ஈரமாக, வாரக்கணக்கில் சாலை காயாமல் கிடக்கும் குளிர். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. காற்றே அடிக்காத நாளிலும், 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்தக் காற்றை நாமே உண்டாக்கிக்கொள்கிறோம். பூஜ்ய டிகிரியில் அந்த வேகக் காற்று முகத்தில் பட்டால் மைனஸ் 6 போலத் தெரியும்.

உடையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு மனக்குறை குறைவு. ஒரே குறை, முதல் வருடம் 95 பவுண்டு கொடுத்து வாங்கிய வாட்டர்ப்ரூஃப் ஜாக்கெட். மழையை ஓரளவு நிறுத்தியது, உண்மைதான். ஆனால் ஏற்றம் ஏறி உச்சியில் ஜிப்பைத் திறந்தால், உள்பக்கம் முழுக்க வேர்வை முத்து முத்தாக நின்றது. மழையில் நனைந்திருந்தால்கூட அவ்வளவு நனைந்திருக்க மாட்டேன். அப்புறம் அதை ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊற்றித் துவைத்தேன். அது என் தவறு. தண்ணீர் ஒட்டாமல் உருண்டோட வைக்கும் மேல்பூச்சு சாஃப்ட்னர் பட்டால் வேலை செய்யாது. இந்த மாதிரித் துணிக்கென்று தனி சோப்பு விற்கிறார்கள். ஆனாலும் முதல் ஜாக்கெட்டாக இதை வாங்காதே என்றுதான் தம்பிக்குச் சொல்வேன்.

அந்த 95 பவுண்டில் ஏறக்குறைய முழு உடையுமே வந்துவிடும். உடம்பை ஒட்டி ஒரு மெரினோ கம்பளி பனியன், லிடில் கடையில் வருடத்தில் சில வாரம் சைக்கிள் துணிகளைப் போடும்போது வாங்கினால் 15 பவுண்டு. பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு அது தெய்வம், இங்கே குடித்த வேர்வையை விடாமல் நெஞ்சில் பிடித்துக்கொண்டு உயிரை வாங்கும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு தாங்கும், இரண்டு முறை போட்டாலும் நாறாது. அதன் மேல் ஏற்கெனவே இருக்கும் முழுக்கை ஜெர்சி. அதற்கும் மேலே காற்றைத் தடுக்கும் ஒரு கையில்லாச் சட்டை, டெகத்லானில் 18 பவுண்டு. கொடுத்த காசுக்கு இந்த ஐந்து வருடத்தில் அதிகம் உழைத்த துணி இதுதான். நெஞ்சில் காற்று படாமல் இருந்தாலே பாதிக் குளிர் போய்விடும். ஏற்றத்தில் ஜிப்பை இறக்கலாம், வெயில் வந்தால் சுருட்டி முதுகுப் பையில் செருகலாம். உள்ளே பஞ்சு மாதிரி நெய்த நீளக் கால்சட்டை, தோள்பட்டி வைத்தது, 35 பவுண்டு. ஷூவுக்கு மேலே போடும் நியோப்ரீன் உறை 14.

கால்விரலுக்கு இரண்டு சாக்ஸ் போடும் யோசனையை விட்டுவிடு. ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறையும், விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். ஷூ அடியில் க்ளீட், அதாவது பெடலோடு ஷூவை மாட்டும் கட்டை, திருகும் இடத்தில் ஓட்டைகள் இருக்கும். இன்சோலை எடுத்துவிட்டு உள்ளேயிருந்து அகல டேப் ஒட்டிப் பார். செலவே இல்லாத வேலை, முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

கைதான் ரொம்ப நாள் பிரச்சினையாக இருந்தது. 30 பவுண்டு, 40 பவுண்டு என்று சைக்கிள் கையுறைகள் மூன்று வாங்கினேன். எல்லாம் முதல் மழையில் ஊறி, அடுத்த ஒரு மணி நேரம் ஈரத்துணி சுற்றிய கைகளோடு ஓட்ட வைத்தன. பதில் கிடைத்தது டூட்டிங்கில் ஒரு தமிழ்க் கடையில். மீன் பெட்டி எடுக்க ஃப்ரீசருக்குள் கைவிட்டுக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், வெளியே ரப்பர் பூசி உள்ளே கம்பளி வைத்த ஆரஞ்சு கையுறை போட்டிருந்தார். எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். "தம்பி, இது கட்டட வேலைக்காரர் போடுறது. ஆறு பவுண்தான். ரெண்டு சோடி எடுங்கோ, ஒண்டு காயேக்க மற்றதைப் போடலாம்" என்றார். அப்படியே செய்தேன். காற்று புகவில்லை, பிரேக் பிடிக்கும்போது வழுக்கவில்லை. இரண்டு டிகிரி வரை, சுள்ளென்று வலிக்காமல் இரண்டு மணி நேரம் ஓட்ட முடிகிறது. பார்க்க சைக்கிள்காரர் கையுறை மாதிரி இருக்காது. அதற்கென்ன! மூன்றாவது வருடமாக அதே இரண்டு ஜோடிதான். நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது.

ஆக, கையுறை ஒரு ஜோடி என்று வைத்தால் உடைக்கு 88 பவுண்டு. இனி டயர்.

இந்த உடையெல்லாம் பெடல் மிதிக்கும்வரைதான் சூடு. மிதிப்பதில் உண்டாகும் சூட்டைப் பிடித்து வைப்பதற்குத்தான் இவை. நின்றுவிட்டால் பத்து நிமிடத்தில் வேர்வை ஆறிக் குளிர ஆரம்பிக்கும். சாலையோரம் நிற்க வைப்பது பஞ்சர். அதனால் நல்ல டயரையும் நான் குளிர் உடை கணக்கில்தான் வைத்திருக்கிறேன், ஜாக்கெட்டுக்கு முன்னால் அதற்குக் காசு ஒதுக்கச் சொல்கிறேன்.

பாக்ஸ் ஹில் இருக்கும் சர்ரே மாவட்டக் கிராமச் சாலைகளில் குளிர்காலப் பஞ்சருக்கு இரண்டு காரணம். ஒன்று கல். அந்த மலைகள் சுண்ணாம்புப் பாறை, அதற்குள் சிக்கிமுக்கிக் கல். மழை அதை அரித்துச் சாலையில் போடும், உடைந்த சில்லு பிளேடு மாதிரி இருக்கும், நனைந்த ரப்பரைச் சுலபமாக அறுக்கும். இன்னொன்று முள். மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் பண்ணைகளின் செடி வேலிகளை வெட்டக் கூடாது. செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் வந்து வெட்டத் தொடங்குவார்கள். வேலியில் வளரும் ஹாதார்ன் செடியின் முள் சாலை முழுக்கச் சிதறும். நம் ஊர்க் கருவேல முள்ளுக்குத் தம்பி என்று சொல்லலாம், குத்துவதில் அண்ணன். டயருக்குள் ஏறி வெளிப்பக்கம் முறிந்துவிடும், பார்த்தால் தெரியாது.

முதல் குளிர்காலம் வண்டியோடு வந்த 25 மில்லிமீட்டர் டயரில் ஓட்டினேன். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஏழு பஞ்சர். அடுத்த வருடம் 28 மில்லிமீட்டரில், நடுவே தடித்த பாதுகாப்பு அடுக்கு வைத்த டயர் வாங்கினேன். ஓரத்தில் மடியாத இரும்புக் கம்பி, ஒன்று 22 பவுண்டு. கனம் அதிகம், ஏற்றத்தில் தெரியும். அதைத் தவிர எல்லாம் நன்மைதான். காற்று 95 பி.எஸ்.ஐ. வைத்த இடத்தில் இப்போது பின்னால் 75, முன்னால் 65 போதும், ஈரச் சாலையில் வளைவுகளில் நம்பிக்கையோடு சாயலாம். ஒவ்வொரு அக்டோபரிலும் மாட்டி மார்ச்சில் கழற்றுவேன். நான்கு குளிர்காலத்தில் இரண்டே பஞ்சர். முதலாவது மெதுவாகக் காற்று இறங்கியது, வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன்.

இரண்டாவது அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஹெட்லி தாண்டி இரண்டு பக்கமும் வேலி வைத்த குறுகலான சாலை. நான்கு டிகிரி, தூறல். பின்சக்கரம் தொளதொளவென்று ஆனது. கையுறையைக் கழற்றினேன். டயரின் ஒரு பக்கத்தை வெளியே எடுக்கும்போதே டயரை நெம்பும் பிளாஸ்டிக் லீவர் ஒன்று முறிந்தது. உள்பக்கம் விரலால் தடவிப் பார்த்தால் எதுவும் தட்டவில்லை. விரல் மரத்திருந்ததால் முள் இருந்தாலும் தெரியாது. கழுத்தில் சுற்றியிருந்த துணியை எடுத்து உள்ளே ஒரு சுற்று இழுத்தேன். ஓரிடத்தில் நூல் சிக்கியது. அரிசி மணியில் பாதி அளவு கருப்பு முனை. பல்லால் கடித்து இழுத்தேன், வந்தது.

புது ட்யூப் வைத்து டயரைத் திரும்ப ஏற்றினால், கடைசி ஒரு சாண் ஏறவே இல்லை. வீட்டுக்குள் இருபது டிகிரியில் மாட்டும்போதே கட்டைவிரல் வலிக்கும் டயர் அது. குளிரில் ரப்பர் கல்லாகிக் கிடந்தது, கட்டைவிரலில் உணர்ச்சியே இல்லை. அரை மணி நேரம். உள்ளே வேர்வை ஆறி முதுகு சில்லிட்டது, தாடை தானாக ஆடத் தொடங்கியது. பொறுக்க முடியாமல் மிச்சமிருந்த லீவரைக் கொடுத்து நெம்பினேன். ஏறியது. காற்றடித்தால் உஸ்ஸென்று சத்தம். லீவர் ட்யூபைக் கடித்துவிட்டது. வேறு ட்யூப் இல்லை. ஒட்டலாம் என்றால் ஈரத்தில் பசை பிடிக்கவில்லை.

அறுபது வயது இருக்கும், ஒரு அம்மா சைக்கிளில் வந்து நின்றார். தன் பையிலிருந்து ட்யூப் எடுத்துக் கொடுத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். டயரை ஏற்றியதும் அவர்தான். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கினார். ரிம்மின் நடுவில் பள்ளம் இருக்கிறதல்லவா, டயரின் இரண்டு ஓரத்தையும் அந்தப் பள்ளத்துக்குள் தள்ளித் தள்ளி, கிடைத்த தளர்வையெல்லாம் இரண்டு கையாலும் வால்வு பக்கம் உருவிக்கொண்டே வந்தார். கடைசியில்கூடக் கட்டைவிரலைப் பயன்படுத்தவே இல்லை. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு உருட்டு, ஏறிவிட்டது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

சரி, அப்படியென்றால் டயரைக் குற்றம் சொல்ல முடியுமா? நானும் நிறைய யோசித்தேன். எனக்கு முறை தெரியவில்லை, அது உண்மை. அந்த முள் வேறு டயராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் காற்றை இறக்கியிருக்கும், இதில் எத்தனை ஞாயிறுகள் ஊர்ந்து ஊர்ந்து உள்ளே வந்ததோ. எண்ணிக்கை முழுக்க டயர் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் குளிர்காலத்துக்கென்று விற்கும் டயரை, குளிரில் நிற்கும் ஒரு சாதாரண மனிதனின் கை மாட்டக்கூடியதாகச் செய்ய வேண்டாமா? தயாரித்தவர்கள் ஒருமுறையாவது நான்கு டிகிரியில், தூறலில் நின்று இதை மாட்டிப் பார்த்திருப்பார்களா? அன்றைக்கு அந்த அம்மா வரவில்லையென்றால், க்ளீட் ஷூவோடு ஈரச் சாலையில் இறங்கி அடிவாரத்து ரயில் நிலையம் வரை நடந்திருப்பேன், நடுங்கிக்கொண்டே. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

ஆகவே தம்பி, இதை வாங்காதே. 28 மில்லிமீட்டரிலேயே மடிக்கக்கூடிய ஓரம் வைத்ததாக, பாதுகாப்பு அடுக்கு உள்ளதாகப் பார். கான்டினென்டல் கம்பெனியின் 4 சீசன் டயரில் வெக்ட்ரான் என்ற வலுவான இழை அடுக்கு உண்டு. விலை அதிகம், தள்ளுபடி வரும்வரை காத்திரு, நானும் அதற்குத்தான் மாறப் போகிறேன். எதை வாங்கினாலும் வீட்டில் ஒருமுறை நீயே கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு சாலைக்குப் போ. இரண்டு ட்யூப், மூன்று லீவர், ஒரு துண்டுத் துணி, மெல்லிய நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். நைட்ரைலைப் போட்டுக்கொண்டே டயர் வேலை பார்க்கலாம்.

எந்த டயரும் உறைபனியில் பிடிக்காது, அதற்கு ஆணி வைத்த டயர்தான் வேண்டும். லண்டனில் வருடத்துக்கு விரல்விட்டு எண்ணும் நாட்களுக்காக அது தேவையில்லை. போனில் 3 டிகிரிக்குக் கீழே காட்டினால் கிராமச் சாலைக்குப் போகாதே, காற்று 3 டிகிரியில் இருக்கும்போதே சாலைப் பரப்பு உறைந்திருக்கலாம். உப்புத் தூவும் லாரி பெரும்பாலும் பெரிய சாலைகளோடு திரும்பிவிடும். அந்த உப்பு செயினைத் தின்றுவிடும், வீடு வந்ததும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடு.

பட்ஜெட்டில் மீதி 18 பவுண்டை மட்கார்டுக்கு வை. டயருக்கு ஒன்று 22 வீதம் 44 என்று போட்டிருந்தேன், புது டயருக்குத் தள்ளுபடியில்கூட அது போதாது. அதனால் இந்தக் குளிர்காலத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். நான் கழற்றும் இரண்டு டயரும் பால்கனியில் இருக்கும், இன்னும் இரண்டு வருடம் ஓடும். சனிக்கிழமை உன் சக்கரங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. ஹீட்டர் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, அந்த அம்மா காட்டிய முறையில் இரண்டு பேருமாக மாட்டிவிடலாம்.