டீசோல்டரிங் கன் வாங்கப்போறீங்களா, எர்த் செக் பண்ணாம காசு குடுக்காதீங்க

ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கா ஒருத்தரோட ஒருத்தர் பேசுற ரேடியோ) வச்சிருக்கவங்க, பழைய செட்டை பிரிச்சு மாடிஃபிகேஷன் பண்றவங்க, போர்டுல பத்த வச்ச ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்க நல்லதா ஒரு கன் வாங்கலாம்னு யோசிச்சிட்டு இருக்கவங்க எல்லாரும் தயவுசெஞ்சு இதை முழுசா படிச்சிருங்க. 11,500 ரூபா போனதைக்கூட தாங்கிக்குவேன். எனக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு சத்தத்துலயே பேசுற தந்தி முறை) சொல்லிக்குடுத்த பெரியவரோட செட்டு என் கையால கெட்டுப்போச்சு, அதைத்தான் தாங்க முடியல.

அவர் எங்க ஏரியால ரொம்ப சீனியர் ஹாம், வயசு எழுபதை தாண்டிருச்சு. அவர்கிட்ட 80-கள்ல வந்த ஜப்பான் எச்எஃப் (ஷார்ட்வேவ்) செட்டு ஒண்ணு இருக்கு. காலைல எழுந்ததும் 40 மீட்டர் பேண்டுல அதுலதான் பேசுவார். இப்போ கண்ணு சரியா தெரியல, கை வேற நடுங்குது. "தம்பி, சாகறதுக்குள்ள இதுல ஒரு சிடபிள்யூ ஃபில்டர் போட்டு கேக்கணும்டா, அப்படியே காஞ்சுபோன கெப்பாசிட்டரையும் மாத்திடு"ன்னு சொல்லி செட்டை என் கையில குடுத்தார். சிடபிள்யூ ஃபில்டர்னா மத்த இரைச்சலை வெட்டி மோர்ஸ் சத்தத்தை மட்டும் விடுற பார்ட். ஃபில்டர் அவரே பல வருஷமா டப்பால பத்திரமா வச்சிருந்தார்.

செட்டை பிரிச்சு பாத்தா எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் மட்டுமே நாப்பதுக்கு மேல. ஐஎஃப் போர்டுல (ரேடியோ உள்ள சிக்னலை வடிகட்டி பெருக்குற போர்டு) ஃபில்டர் உக்கார வேண்டிய ஓட்டை எல்லாம் ஃபேக்டரியிலயே ஈயம் ரொம்பி மூடிக்கிடக்கு. இவ்வளவு நாளா கையால அமுக்குற பம்ப்பும் விக்கும் (ஈயத்தை உறிஞ்சுற செம்பு பின்னல்) வச்சே ஓட்டினேன், ஆனா நாப்பது கெப்பாசிட்டர்னா எண்பது கால், அதுவும் அவரோட செட்டு, பேட் (கால் பத்த வைக்கிற செம்பு வட்டம்) ஒண்ணுகூட போர்டை விட்டு தூக்கக்கூடாதுன்னு நினைச்சுதான் மோட்டார் வச்ச கன் வாங்கலாம்னு முடிவு பண்ணேன். ஹேக்கோ எஃப்ஆர்-301 மாதிரி ஒரிஜினல் கன்னுக்கு என் பட்ஜெட் பத்தாது. தேடிட்டு இருக்கப்பதான் ஒரு ஆளோட விளம்பரம் கண்ணுல பட்டுச்சு, இம்போர்ட் பண்ண கன், 230 வோல்ட், ஈஎஸ்டி சேஃப் (ஸ்டாட்டிக் கரன்ட்டால பார்ட் கெடாது), ஆறு மாசம் வாரன்டின்னு போட்டிருந்தான்.

வாட்ஸ்அப்ல பேசினேன். நல்லா மரியாதையா, சார் சார்னு பேசினான், வீடியோல அவன் ஒரு போர்டுல ஈயம் எடுத்து காட்டினான், சும்மா சர்ருன்னு உறிஞ்சுது. பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி 18 பர்சென்ட் சேரும் சார், நமக்குள்ள எதுக்கு, ஏதாவதுன்னா நான் இருக்கேன்ல"ன்னான். அங்கயே நான் நிறுத்தியிருக்கணும். ஜிபேல பணம் போட்டேன், நாலு நாள்ல பார்சல் வந்துச்சு.

பாக்க நல்லாதான் இருந்துச்சு. மூணு பின் பிளக்கு, ஈயம் சேர்ற கண்ணாடி குழாய், உள்ள ஸ்பிரிங்கு, மூணு சைஸ் நாஸில், குச்சி மாதிரி கிளீனிங் பின்னு எல்லாம் இருந்துச்சு. ஒரு ஸ்கிராப் போர்டுல போட்டு பாத்தேன், சின்ன சின்ன கால்ல ஈயம் வந்துச்சு, சரின்னு நம்பி அன்னிக்கு சாயங்காலமே செட்டுல கை வச்சிட்டேன். ஸ்கிராப் போர்டுல கிரவுண்ட் ஓட்டையில போட்டு பாக்கல. கிரவுண்ட்ல இருக்க ஓட்டை சுத்தி பெரிய செம்பு பரப்பு இருக்கும், நீங்க குடுக்குற சூட்டை அது அப்படியே இழுத்துக்கும். கன்னோட உண்மையான யோக்கியதை அங்கதான் தெரியும்.

முதல் ரெண்டு ஓட்டை சுத்தமா வந்துச்சு. மூணாவது கிரவுண்ட். நாஸிலை வச்சு நாலு செகண்ட் பொறுத்து, ஈயம் லேசா மினுமினுன்னு வந்ததும் ட்ரிக்கரை அழுத்தினேன். மோட்டார் சத்தம் ஒரு மாதிரி திணறி இறங்குச்சு, இழுவையே இல்ல, மேல இருக்க ஈயம் மட்டும் உருகி கீழ இருக்கது கெட்டியாவே நின்னுருக்கு, இன்னும் கொஞ்சம் பொறுத்து திரும்ப அழுத்தி, லேசா ஆட்டி நாஸிலை தூக்கினா நுனியில மோதிரம் மாதிரி பளபளன்னு ஏதோ ஒட்டியிருக்கு. லென்ஸ் வச்சு பாத்தேன். போர்டு ஓட்டைக்குள்ள இருக்க செம்பு குழல், சுத்தி இருந்த பேடோட சேர்ந்து அப்படியே உருவிட்டு வந்திருக்கு. கை நடுங்கிருச்சு எனக்கு.

கம்பி போட்டு அதை சரி பண்ணிடலாம்னு மனசை தேத்திக்கிட்டேன். ஆனா செட்டை சேத்து ஆன் பண்ணா எல்லா பேண்டும் செத்துக்கிடக்கு, சிக்னல் அளவு காட்டுற எஸ் மீட்டர் அசையல, லேசா ஒரு இரைச்சல் மட்டும். ரெண்டு நாள் உக்காந்து ட்ரேஸ் பண்ணதுல, அந்த ஃபில்டர் வெளிய வர்ற இடத்துக்கு அடுத்தாப்ல இருக்க ஐஎஃப் ஆம்ப்ளிஃபையரோட டூயல் கேட் மாஸ்ஃபெட் (ஒரு வகை ட்ரான்சிஸ்டர்) போயிருக்குன்னு தெரிஞ்சுது. பிரிக்கிறதுக்கு முன்னாடி அவர் வீட்லயே பேசி கேட்டுட்டுதான் எடுத்துட்டு வந்தேன், நல்லா இருந்த செட்டு.

மாஸ்ஃபெட் ஏன் போச்சுன்னு யோசிச்சப்பதான் கன் மேல சந்தேகம் வந்துச்சு. கன்னை பிளக்குல போட்டு, மல்டிமீட்டரை ஏசில வச்சு நாஸிலுக்கும் என் ஸ்டேஷன் எர்த்துக்கும் நடுவுல பாத்தேன், 96 வோல்ட். பிளக்கை உருவிட்டு பிளக்கோட எர்த் பின்னுக்கும் நாஸிலுக்கும் ஓம் பாத்தேன், ஓப்பன், கனெக்ஷனே இல்ல. நல்ல கன்னுல இது 2 ஓமுக்குள்ள இருக்கணும். ஸ்க்ரூ கழட்டி கைப்பிடியை பிரிச்சேன். பிளக்குலேர்ந்து வர்ற பச்சை வயர் உள்ள வரைக்கும் வருது, வந்து, கேபிள் கிளாம்ப்புக்கு கீழ வெட்டி, ஸ்லீவ் போட்டு, மடக்கி வச்சிருக்கான். எதுலயும் கனெக்ட் ஆகல. தெரியாம நடந்த தப்பு இல்ல இது, ஒருத்தன் உக்காந்து வெட்டி ஸ்லீவ் மாட்டியிருக்கான், மேல ஈஎஸ்டி சேஃப்னு ஸ்டிக்கர்.

ஹீட்டர்லேர்ந்து நாஸிலுக்கு கெப்பாசிட்டன்ஸ் வழியா கொஞ்சம் வோல்டேஜ் எப்பவும் ஏறும், எர்த் இருந்தா அது வழியா இறங்கிடும், இல்லன்னா நுனியிலயே நிக்கும். கரன்ட் ரொம்ப கம்மி, நமக்கு ஷாக்கு தெரியாது, ஆனா மாஸ்ஃபெட்டோட கேட் இன்சுலேஷன் மெலிசா இருக்கது, அதுக்கு அதுவே போதும். அந்த செட்டோட சேசிஸ் எர்த்ல இருந்துச்சு, நுனியில தொண்ணூத்தி சொச்சம் வோல்ட், நடுவுல மாஸ்ஃபெட். நுனி எர்த் ஆகாத எந்த அயர்னும் கன்னும் ரிசீவர் பக்கம் போகவே கூடாது.

அதோட முடியல. நாஸில் வெறும் செம்பு, மேல மெலிசா ஏதோ பூச்சு. நல்ல நாஸில்ல செம்பு மேல இரும்பு பிளேட்டிங் இருக்கும், ஏன்னா உருகின ஈயத்துல இருக்க தகரம் செம்பை கரைச்சுடும். என்னோடது முப்பது கால் எடுக்குறதுக்குள்ள வட்டமா இருந்த ஓட்டை முட்டை வடிவமாயிருச்சு. பம்ப்புக்கு முன்னாடி இருக்க ரப்பர் சீலும் ஒழுங்கா உக்காரல, அதான் இழுவை இல்ல.

ஆளுக்கு போட்டோ எல்லாம் அனுப்பினேன். "சார் நீங்க யூஸ் பண்ண தெரியாம பண்ணிட்டீங்க, பிரிச்சதால வாரன்டி போச்சு"ன்னு ஒரு மெசேஜ். பிரிக்காம எப்படிடா உள்ள வயர் வெட்டினது தெரியும்? அடுத்த நாள் பிளாக். பார்சல் மேல இருந்த அட்ரஸுக்கு கூட்டாளி ஒருத்தரை போய் பாக்கச் சொன்னேன், அங்க அப்படி ஒரு கடையே இல்லன்னார். 1915 நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன். பில் இல்லன்னாலும் ஜிபே ஸ்க்ரீன்ஷாட், வாட்ஸ்அப் பேச்சு, பார்சல் லேபிள் எதையும் அழிச்சுடாதீங்க, உங்ககிட்ட இருக்க ஆதாரம் அதுதான். கன்ஸ்யூமர் கமிஷன்ல 5 லட்சத்துக்குள்ள உள்ள விஷயத்துக்கு ஃபீஸ் கிடையாது, ஆனா எதிர்பார்ட்டி யாருன்னு தெரியணுமே, நான் மாட்டிக்கிட்டு நிக்கிறது அங்கதான்.

சரி, வாங்கப்போறவங்க என்ன பண்ணலாம். நேர்ல போய் வாங்குங்க, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்க ஊர்ல இருக்க கடையோ, கையில ஒரு மல்டிமீட்டரும் பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு ஒண்ணும் எடுத்துட்டு போங்க. பிளக்கு போடறதுக்கு முன்னாடி எர்த் பின்னுக்கும் நாஸிலுக்கும் ஓம் பாருங்க. கன் குளிர்ந்து இருக்கப்ப நாஸில் வாயை விரலால அடைச்சு ட்ரிக்கரை அழுத்துங்க, விரலை கவ்விப் பிடிக்கணும், சும்மா காத்து போற மாதிரி இருந்தா வேணாம். அப்புறம் சூடு பண்ணி மதர்போர்டுல இருக்க பெரிய கெப்பாசிட்டரோட கிரவுண்ட் காலை எடுத்துக் காட்டச் சொல்லுங்க. மதர்போர்டுல பல லேயர் செம்பு இருக்கும், அதுல எடுத்துட்டா நம்ம ரேடியோ போர்டெல்லாம் சுலபம். கன்னோட நாஸிலும் ஃபில்டரும் தனியா கிடைக்குமான்னு கேளுங்க, கிடைக்காதுன்னா ஆறு மாசத்துல அது வெறும் பொம்மை. பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க.

உண்மையில நம்ம வேலைக்கு கன் அவசியமான்னு இப்போ யோசிச்சா, பாதிக்கு மேல இல்லன்னுதான் தோணுது. நுனியில சிலிக்கான் ட்யூப் வச்ச கை பம்ப் வருது, எஞ்சினியர் எஸ்எஸ்-02 அந்த மாதிரி, சிலிக்கான் வளைஞ்சு அயர்ன் நுனியோட சேர்ந்தே பேடை மூடிக்கும், இழுவை வீணாகாது. சாதா பிளாஸ்டிக் நுனி பம்ப்ல பட்டனை அமுக்கினதும் ஒரு உதை உதைக்கும் பாருங்க, பேட் தூக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம். எடுக்கறதுக்கு முன்னாடி புது 63/37 ஈயம் (63 பங்கு தகரம், 37 பங்கு காரீயம்) கொஞ்சம் வச்சு உருக்குங்க, பழைய ஈயம் காஞ்சு போயிருக்கும், புதுசோட ஃப்ளக்ஸ் சேந்தா தண்ணி மாதிரி ஓடும். 2006-க்கு அப்புறம் வந்த செட்டுல லெட் ஃப்ரீ (காரீயம் கலக்காத) ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அது உருக 217 டிகிரிக்கு மேல வேணும், 63/37-க்கு 183 போதும், அதனால கலந்துவிட்டா இன்னும் சுலபம். கிரவுண்ட் ஓட்டைன்னா ஹாட் ஏர்ல போர்டை அடியில லேசா சூடு பண்ணிட்டு அப்புறம் அயர்ன் வைங்க, பார்ட்டை கையால ஆட்டி இழுக்கவே இழுக்காதீங்க. மாத்தப்போற பார்ட்டுதானே, கால்களை வெட்டிட்டு ஒவ்வொரு காலா ட்வீசர்ல எடுங்க, பார்ட்டை காப்பாத்தறதை விட போர்டை காப்பாத்தறது முக்கியம். மிச்ச ஈயத்துக்கு விக், மேல ஃப்ளக்ஸ் தடவி, அயர்னை அழுத்தாம சும்மா வச்சாலே போதும்.

மிச்ச கெப்பாசிட்டர் எல்லாத்தையும் இப்படித்தான் மாத்தினேன், ஒரு பேடுகூட தூக்கல. உருவின ஓட்டைக்கு மெல்லிசு செம்புக் கம்பி விட்டு ரெண்டு பக்கமும் பத்த வச்சு ஃபில்டரையும் உக்கார வச்சாச்சு. மாஸ்ஃபெட்தான் பாக்கி, 3எஸ்கே சீரிஸ், இப்போ தயாரிக்கிறதில்ல, புதுசுன்னு விக்கிறதுலயும் டூப்ளிகேட் இருக்கு. யார்கிட்டயாவது அந்தக் காலத்து ஜப்பான் செட்டோட செத்த ஐஎஃப் போர்டு இருந்தா சொல்லுங்க, நேர்ல வந்து வாங்கிக்கறேன், விலை நீங்க சொல்றதுதான். பெரியவர்கிட்ட உண்மையை சொல்லிட்டேன், ஒண்ணும் திட்டல, "மெதுவா பண்ணு தம்பி"ன்னார். ஆனா இப்போ காலைல 40 மீட்டர்ல அவர் குரல் கேக்கல.

கன் இன்னும் என்கிட்டதான் இருக்கு, பிரிச்ச நிலையில. வெட்டின பச்சை வயரோட போட்டோ யாருக்காவது வேணும்னா கேளுங்க, அனுப்பறேன், கடையில காட்டி இப்படி இருக்கான்னு பாத்து வாங்குங்க.