ஆயர் ஈத்தாம் கல்மதில் வேலை: அடுக்குவதில் கைதேர்ந்தவர்கள், பிரிப்பதில் அவசரக்காரர்கள்

பினாங்கு மலைச்சரிவுத் தோட்டங்களில் சிமெண்டு இல்லாமல் கருங்கல்லை அடுக்கி எழுப்பிய பழைய மதில் சரிந்தால், அதே முறையில் திருப்பிக் கட்ட ஆள் கிடைப்பது லேசல்ல. ஆயர் ஈத்தாம் பக்கம் அந்த வேலையை எடுக்கும் சிறு குழு ஒன்று கல் அடுக்குவதில் கைதேர்ந்தது. குறை, சரிந்த பழைய மதிலைப் பிரிப்பதில்.

இறுகிய மண் வரும்வரை தோண்டி, இருப்பதிலேயே பெரிய கற்களை அடியில் போடுகிறார்கள். ஒவ்வொரு கல்லின் நீளமும் சரிவுக்குள் போகிறது. முகப்பு சீக்கிரம் நிரம்பட்டும் என்று நீளவாக்கில் படுக்க வைப்பதில்லை. கீழே இருக்கும் இரண்டு கல்லின் மேல் ஒன்று உட்காருவதால் இடுக்குகள் ஒரே கோட்டில் ஏறுவதில்லை. ஆறடி உயரத்துக்கு ஓரடி உள்சாய்வு. இடுக்கில் மண்ணை அள்ளிப் போடாமல் கூர்முனைச் சில்லுகளைக் கையால் இறுக்குகிறார்கள். பின்புறம் ஓரடி அகலத்துக்குச் சரளை, அதற்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி. துணியை மிச்சம் பிடித்தால் அடைமழையில் களிமண் கரைந்து சரளையை அடைக்கும், தண்ணீர் முட்டும், மதில் வயிறு தள்ளும். முகப்பில் சிமெண்டு பூசினாலும் அதே கதிதான். பூசச் சொல்லும் வீட்டுக்காரர்களிடம் முடியாது என்கிறார்கள், நல்ல பிடிவாதம்!

பிரிக்கும்போது இந்தப் பொறுமை இல்லை. மீட்டர் கணக்கில் கூலி என்பதால் பேக்ஹோ என்னும் மண்வாரி இயந்திரத்தை விட்டு வாரி, பின்மண்ணை லோரியில் ஏற்றிவிடுகிறார்கள். கோலி சோடா பாட்டில், ரப்பர் பால் பிடிக்கும் மங்கு, சதுரமான ஒரு சென் நாணயம் எல்லாம் கிடப்பது அந்த மண்ணில்தான். அடிக்கல்லுக்குக் கீழே 1919ஆம் ஆண்டு நாணயம் இருந்தால் மதில் அதற்கு முந்தியதல்ல. அதே நாணயம் பின்மண்ணின் மேலாகக் கிடந்தால் மதிலின் வயதுக்கு அது சாட்சியில்லை. லோரியில் கொட்டிய பிறகு எது எங்கே கிடந்தது என்று யார் சொல்வது?

ஆகவே பிரிப்பதை மட்டும் நாள்கூலியாகப் பேசிக்கொள்ளுங்கள். மேலிருந்து வரிவரியாக இறக்கட்டும். உச்சிக்கல் தூரத்தில், அடிக்கல் கிட்டத்தில். திரும்ப எடுக்கும் வரிசை அதுதான். பின்மண்ணை அரை அங்குல வலையில் சலித்து, கிடைப்பதை எந்த வரி, எத்தனையாவது மீட்டர் என்று எழுதிய பையில் போடச் சொல்லுங்கள். நாணயத்தை பிராசோ மாதிரி உலோக பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பாசியோடு மதிப்பும் போய்விடும். மரபுடைமை மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருளை 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரியிடம் தெரிவிக்கவும் வேண்டும். துருப்பிடித்த குண்டு மாதிரி ஏதாவது தெரிந்தால் கடப்பாரையை வைத்துவிட்டு விலகி அவசர எண் 999ஐக் கூப்பிடுங்கள். 1941 டிசம்பரில் குண்டு விழுந்த தீவு இது.

இடுப்பளவு மதிலுக்கு இவர்களைத் தாராளமாகக் கூப்பிடலாம். ஆளுயரத்தைத் தாண்டினால் முதலில் பொறியாளர், பிறகுதான் இவர்கள்.